தலைவர் குரலுக்கு ஒரு மீசை

இனிமேல் மைக்குக்கு முன்னால் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். "அங்கிள், உங்க எக்ஸ்பீரியன்ஸ்ல இருந்து ஏதாவது டிப்ஸ் எழுதிக் குடுங்களேன்" என்று உங்களில் ஒருவர் கேட்டார். டிப்ஸ் என்று என்னிடம் எதுவும் கிடையாது. பதினோரு வருடம் நியூ ஜெர்சியில் ஒரு தமிழ் நையாண்டி நிகழ்ச்சியை எழுதி நடத்தியதில் செய்த கோளாறுகள்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். எடிட்டிங், ஒலிப்பதிவு எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எங்கள் நிகழ்ச்சியின் பெயர் 'சபை கலைந்தது'. சனிக்கிழமை காலை, உள்ளூர்ச் சமூக வானொலியில் அரை மணி நேரம். ஊர்க்காரர்கள் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கும் பரத நாட்டியத்துக்கும் காரில் கொண்டுபோய் விடும் நேரம் அது. அந்தக் கார்களுக்குள் தமிழ்ச் சங்கத்து அரசியலைக் கிண்டல் செய்வதுதான் எங்கள் தொழில். சங்க அரசியலா, அது என்ன பெரிய அரசியல் என்று கலிபோர்னியாவில் இருக்கும் உங்கள் டப்ளினில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சிரிக்கலாம். பொங்கல் விழாவில் யார் குத்துவிளக்கு ஏற்றுவது என்ற விஷயத்தில் இரண்டாக உடைந்து, ஒரே வாரத்தில் இரண்டு பொங்கல் நடத்திய ஊர் எங்களுடையது. கொஞ்ச நாள் போகட்டும், உங்கள் ஊரிலும் பார்ப்பீர்கள்.

எனக்கு இந்த வேலையைப் புரியவைத்தவர் ஓர் ஐரிஷ் பெண்மணி. வானொலி நிலையத்தில் ஒலிப் பொறியாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. அமெரிக்கா வருவதற்கு முன்னால் அயர்லாந்தில் ஓர் அரசியல் நையாண்டி நிகழ்ச்சியில் வேலை பார்த்தவர். மந்திரிகளின் குரலில் பேசி, குட்டிக் குட்டி நாடகமாக அவர்களை வாரும் நிகழ்ச்சி. முதலில் வானொலியில் வந்து, பிறகு தொலைக்காட்சிக்குப் போனதாம். தமிழில் அவருக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் நாங்கள் ஒத்திகை பார்க்கும்போது கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்த நாலாவது வரி நீளம்" என்பார். நாலாவது வரி நீளமாகத்தான் இருக்கும். நீங்கள் நிகழ்ச்சியை டப்ளினுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று சொன்னதும், அயர்லாந்து டப்ளினில் பிறந்த அவர், "என் ஊர் கலிபோர்னியாவில் என்ன செய்கிறது" என்று கேட்டார்.

அவருடைய கேள்வி ஒன்று உண்டு. எந்த ஸ்கெட்ச், அதாவது குட்டி நாடகம், கொண்டுபோனாலும், "இதில் அடி யாருக்கு விழுகிறது" என்று கேட்பார். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நான் ஊரையே சிரிக்க வைக்கிறேன், இந்த அம்மா என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாரே என்று தோன்றும்.

முதல் வருடம் பொங்கல் விழாவில் சாம்பார் தீர்ந்துபோய் ஒரே ரகளை. உடனே ஒரு ஸ்கெட்ச் எழுதினேன். பரிமாறுகிற வாலண்டியர்கள் அப்பளத்தை எண்ணி எண்ணிப் போடுவதாகவும், தெரிந்தவர் வந்தால் வடையை ஒளித்து வைத்துக் கொடுப்பதாகவும். ஐரிஷ் அம்மா கதையை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். சங்கத்துக்கு என்றேன். "கரண்டி பிடித்தவர்களுக்கு என்றல்லவா என் காதுக்குக் கேட்கிறது" என்றார். மொழி தெரியாதவருக்கு என்ன தெரியும் என்று ஒலிபரப்பிவிட்டேன். ஊரே சிரித்தது. அடுத்து சித்திரைத் திருவிழா வந்தது. பரிமாற ஓர் ஆள் வரவில்லை. சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், நல்லா சிரிச்சோம். இந்தாங்க கரண்டி" என்றார். அன்றைக்கு நாலு மணி நேரம் சாம்பார் ஊற்றினேன். வாளியை மாற்றிப் பிடித்து இரண்டு தோளும் போயிற்று. சாப்பாட்டுக் காண்ட்ராக்டைச் சொதப்பிய கமிட்டியை விட்டுவிட்டு, விடுமுறை நாளில் சும்மா வந்து உழைத்தவர்களை அடித்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஆனால் அந்தக் கேள்வியும் போதாது என்று தெரிய எனக்கு இன்னும் பல வருடம் ஆயிற்று. அதற்கு வளர்மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வளர்மதி பொள்ளாச்சிப் பெண். என் மகள் வயது. பக்கத்து ஊர் பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். எங்களிடம் நிகழ்ச்சிக்கு நடுவில் அறிவிப்பு வாசிக்கத்தான் வந்தாள். ஒருநாள் டீ குடிக்கும்போது, தொண்டையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, "வந்து பாத்தீங்கன்னா... நான் அதிகம் பேசப் போறதில்ல... ஒரு நாலே நாலு பாயிண்ட்" என்றாள். எனக்கு டீ புரையேறிவிட்டது. எங்கள் சங்கத் தலைவர் அந்த அறைக்குள் வந்து நிற்கிறார் என்றே நினைத்தேன். அந்த இழுப்பு, அந்த மூச்சு, எல்லாம் அப்படியே இருந்தது. நடுவில் விட்ட ஒரு சின்ன இருமல் மட்டும் எனக்குப் புதிது.

"எப்படிம்மா இவ்வளவு கரெக்டா?"

"டெய்லி கேக்கறனுங்களே அங்கிள். அவர்தான் என் மேனேஜர்."

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அடுத்த வாரமே 'தலைவர் பேசுகிறார்' என்ற பகுதியை ஆரம்பித்துவிட்டேன். பெயர் போடவில்லை, 'குரல்: நண்பர்கள்' என்று சொல்லி முடித்துக்கொள்வோம். அது ஒரு பெண்ணின் குரல் என்று யாருக்கும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஒருவர்தான் என்று ஒரு கோஷ்டி சொன்னது. அது தன் மச்சான்தான் என்று செயலாளர் சத்தியமே செய்தார். வளர்மதி திங்கட்கிழமை ஆபீஸ் போய், அதே தலைவர் முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பாள்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. அப்புறம் வந்தது தொலைக்காட்சி. எங்கள் டவுனின் சமூக கேபிள் சேனலில் மாதம் ஒரு மணி நேரம் தருவதாகச் சொன்னார்கள். நேரலை, எதிரே அறுபது எழுபது பேர் உட்கார இடம். எனக்குக் கால் தரையில் இல்லை. வளர்மதிக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

"நான் வரலீங்க அங்கிள். ரேடியோல குரல்தான், யாருக்கும் தெரியாது. டிவில மூஞ்சி தெரியுமில்லீங்களா. என் கிரீன் கார்டுக்கு லாயர் ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர் கேட்டிருக்காரு. மேனேஜர்தான் அதை எழுதணும். இப்பப் போயி மாட்டுனா அவ்வளவுதான்."

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் எதைப் பார்த்துக்கொள்ள முடியும்? நான் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. எனக்கு வேலை போனால் மத்தியானம் தூங்கலாம். அவள் இருந்தது வேலை விசாவில்; வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டு கணவரோடு விமானம் ஏற வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னேன், ஏனென்றால் தலைவர் இல்லாமல் தொலைக்காட்சிக்குப் போக எனக்கு மனசில்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மளிகைக் கடை வைத்திருக்கும் சேகருக்குத் தலைவரைப் போலவே தொப்பை, தலைவரைப் போலவே மீசை. சேகர் மேடையில் வாயை அசைப்பார், வளர்மதி கருப்புத் திரைக்குப் பின்னால் மைக்கில் பேசுவாள். எல்லாம் முடிவான பிறகு அவளிடம் சொன்னேன், "சரிங்க அங்கிள்" என்றாள், முகம் மலரவில்லை. ஐரிஷ் அம்மாவிடம் பெருமையாக விளக்கினேன். அவர் ஊரிலும் வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போனபோது இந்த மாதிரி வித்தையெல்லாம் செய்து பார்த்தார்களாம். சிரித்துவிட்டு, "மாட்டிக்கொண்டால் வீட்டுக்குப் போவது யார்? நீங்களா, அவளா?" என்று கேட்டார். எனக்கு அவசரமாக ஒரு கேபிளைச் சுருட்ட வேண்டியிருந்தது.

ஒளிபரப்பு நாளும் வந்தது, ஒரு சனிக்கிழமை மாலை. அரங்கம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் தலைவரும் அவர் மனைவியும் பதினைந்து வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அழைக்கவில்லை. உள்ளூர் அமைப்புகளின் தலைவர்களையெல்லாம் கூப்பிடுவது சேனலின் வழக்கமாம், எனக்குத் தெரியாது. சேகர் மேடைக்குப் பின்னால் வந்து, "சார், ஒரிஜினல் வந்திருக்கு" என்றார். அவர் மீசை நடுங்கியது.

இருந்தாலும் முதல் பத்து நிமிடம் பிரமாதமாகப் போயிற்று. சேகரின் வாய் குரலுக்கு அரை விநாடி பின்னால் வந்தது, அதற்கே ஜனம் சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்வி நேரம். கேள்விகளை முன்பே எழுதி நாலு பேரிடம் கொடுத்து வைத்திருந்தோம். முதல் கேள்வி வருவதற்குள் தலைவரே எழுந்துவிட்டார்.

"தலைவரே, நான் ஒரு சாதாரண மெம்பர். போன பொங்கலுக்கு சாப்பாடு ஏன் மூணு மணிக்கு வந்துச்சுன்னு கொஞ்சம் விளக்க முடியுமா?"

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. சேகர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அதற்கு எழுதி வைத்த பதில் எங்களிடம் இல்லை. நான் கட்டுப்பாட்டு அறையில், விளம்பரத்துக்குப் போகச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டேன். எங்களுக்கு ஒலி பார்க்க வந்திருந்த ஐரிஷ் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கருப்புத் திரையின் பின்பக்கத்தைக் காட்டினார். வளர்மதி மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்து பாத்தீங்கன்னா... நல்ல கேள்வி. நான் இதை எதிர்பார்த்தேன்." ஓர் இருமல். "நீங்க என்ன பண்றீங்க, சாப்பாடு, சாம்பார், லேட்டு, எல்லாத்தையும் ஒரே ஸ்லைடுல போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க. ரெண்டாவது ஸ்லைடு வேண்டாம். ரெண்டாவது ஸ்லைடு இருந்தா எனக்குப் பிரச்சனை புரிஞ்சிடும்."

இடமே குலுங்கிற்று. ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து சரிந்து எழுந்தார். தலைவர் முகத்தில் மட்டும் சிரிப்பு ஒரு கணம் நின்றுபோனது. திரையைப் பார்த்தார், சேகரைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

நிகழ்ச்சி முடிந்து வளர்மதி வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. "அங்கிள், அந்த ஒரே ஸ்லைடு... அது ஆபீஸ்ல மட்டும் சொல்றதுங்க. சங்கத்துல சொல்ல மாட்டாரு. என் வாயில வந்துருச்சு." அவ்வளவுதான் சொன்னாள். மகளைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, வீட்டுக்குப் போவது யார் என்று ஐரிஷ் அம்மா கேட்ட கேள்விதான் காதில் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் ஒரு முடிவோடு பார்சிப்பனிக்கு வண்டியை எடுத்தேன். தலைவர் ஆபீஸ் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். வழி நெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்யை மூச்சு விடாமல் சொன்னேன். அந்தக் குரல் என் மச்சினன் மகனுடையது, ஆஸ்டினிலிருந்து வந்து பேசிவிட்டுப் போனான், ஸ்லைடு விஷயம் நானே எல்லா ஆபீஸிலும் நடப்பதுதானே என்று எழுதியது, இதில் உங்கள் ஆபீஸ்காரர்கள் யாருக்கும் சம்பந்தமில்லை.

தலைவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கையில் காபி.

"சார், உங்க மச்சினன் பையன் நல்லா இருக்கட்டும். அது வளர்மதின்னு எனக்கு முதல் மாசமே தெரியும்."

நான் அவர் கையிலிருந்த காபியைப் பார்த்தேன்.

"எனக்குப் பதில் தெரியாதப்ப ஒரு இருமல் வரும். மேடையில வராது, அங்க எல்லாம் எழுதி வெச்சுப் படிக்கறேன். டீம் மீட்டிங்ல மட்டும்தான் வரும். அந்த இருமலை ரேடியோல கேட்டேன். என் டீம்ல ஏழு பேர். அதுல தமிழ் தெரிஞ்சது ஒரே ஒரு ஆள்."

"அப்போ ஏன் சார் ஒண்ணும் சொல்லல?"

அவர் சுற்றிலும் பார்த்தார். என்னைக் கொஞ்சம் தள்ளி, கார் நிறுத்தும் இடத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

"கோபம் வந்துச்சு. பொய் சொல்லல. அந்தப் பொன்னாடை ஸ்கெட்ச், நான் எனக்கே போத்திக்கற மாதிரி, அது வலிச்சுது சார். ரெண்டு நாள் உங்க மேல செம கடுப்புல இருந்தேன். ஆனா வீட்டுல ஒண்ணு நடந்துச்சு. என் பொண்ணு இங்க பொறந்தவ. நான் தமிழ்ல கேப்பேன், அவ இங்கிலீஷ்ல சொல்லுவா. இத்தனை வருஷமா அப்படித்தான். திட்டியும் பாத்துட்டேன், தமிழ்ப் பள்ளிக்கும் அனுப்பிப் பாத்துட்டேன். ஒரு சனிக்கிழமை கார்ல உங்க புரோகிராம் ஓடிட்டு இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் சாப்பிடும்போது என்னைப் பாத்து, 'வந்து பாத்தீங்கன்னா... நான் அதிகம் சாப்பிடப் போறதில்ல... நாலே நாலு இட்லி'ங்கறா. முழுசா தமிழ்ல. நானும் அவளும் அரை மணி நேரம் அப்படியே பேசிட்டு இருந்தோம். இப்ப வாராவாரம் நடக்குது. நான் போய் அதை நிறுத்துவேனா?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"லெட்டர்..." என்று இழுத்தேன்.

"அது போன மாசமே போயாச்சு. சங்கத் தலைவரா நான் உங்க மேல கோபப்படலாம். மேனேஜரா அந்தப் பொண்ணு மேல கோபப்பட முடியுமா? நல்ல டெஸ்டர் சார் அவ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் ஃப்ரீயாப் பண்ண மாட்டா."

தலையாட்டிவிட்டு வண்டிக்கு வந்தேன். சொல்லாமல் இருந்தால் நிகழ்ச்சி நன்றாக ஓடும். சொல்லாமல் இருந்தால் ஒரு பெண் தினமும் பயந்துகொண்டே ஆபீஸ் போவாள். முதல் தடவையாக எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். நன்றி சொல்வாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் இரண்டையும் செய்யவில்லை.

"நீங்க எதுக்குங்க அங்கிள் போனீங்க?"

"உன்னைக் காப்பாத்தத்தான்மா."

"அவருக்குத் தெரியாம இருந்திருந்தா? நீங்க போயி மச்சினன் பையன்னு உளறுனதுலயே கண்டுபுடிச்சிருப்பாரு. நான் பதினோரு மணிக்கு அவர்கிட்ட டைம் வாங்கி வெச்சிருக்கறனுங்க. நானே உண்மையச் சொல்றதா இருந்தேன். ஞாயித்துக்கிழமை பூரா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன்."

வரமாட்டேன் என்று அவள் சொன்னதைக் கேட்காமல் அவளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக முடிவெடுத்தேன். காப்பாற்றப் போகிறேன் என்று மறுபடியும் அவளைக் கேட்காமலே போய் நின்றேன். இரண்டு தடவையும் பந்தயத்தில் இருந்தது அவளுடைய வாழ்க்கை. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். நையாண்டி எழுதுகிறவனுக்குத் தைரியம் சுலபமாக வரும். யாருடைய செலவில் அது வருகிறதோ அந்த ஆளிடமே போய்க் கேளுங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவள் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று இருவருமே என்னிடம் சொன்னதில்லை. நாற்பது நிமிடம் பேசினார்கள் என்பது மட்டும் தெரியும்.

அடுத்த மாத ஒளிபரப்புக்கு வளர்மதி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். பையில் அவள் கணவருடைய பட்டு வேட்டி, ஜிப்பா. சேகரை உட்காரச் சொல்லி அவர் மீசையை நன்றாகப் பார்த்துக்கொண்டு, கண் மையால் தன் உதட்டுக்கு மேல் வரைய ஆரம்பித்தாள். முன்வரிசையில் தலைவர் குடும்பம் வந்தாயிற்று என்று ஐரிஷ் அம்மா வந்து சைகை காட்டினார். நான் வளர்மதியின் கண்ணாடிப் பக்கம் போனேன்.

"நிச்சயமாத்தான் சொல்றியாம்மா? இப்பக்கூட திரைக்குப் பின்னாடி நின்னுக்கலாம். எனக்குப் பயமா இருக்கு."

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. வலது பக்க மீசை முடிந்து இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"தாராளமாப் பயப்படுங்க அங்கிள். ஆனா எனக்காகப் பயப்படறதா இருந்தா, முதல்ல எங்கிட்டக் கேட்டுட்டுப் பயப்படுங்க" என்றாள், தலைவரின் குரலில்.